விற்றதாக எழுதப்பட்ட பெட்டிகள்

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் சிலர் கூடுவது வழக்கம். வீட்டுக்காரர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் பேங்க் சார். மற்றவர்களும் ஏறக்குறைய அந்த வயதுதான். பென்ஷனில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கி, அது ஏறினால் தங்கள் புத்தி என்றும் இறங்கினால் அரசாங்கத்தின் குற்றம் என்றும் சொல்லிக்கொள்கிறவர்கள். கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். கரமனையில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சின்னக் கடைகளுக்கும் டாக்டர்களுக்கும் வரிக்கணக்கு பார்ப்பது என் தொழில். ஆடிட்டர் பரீட்சையைப் பாதியில் விட்டவள். ஆனாலும் பேங்க் சார் என்னை ஆடிட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வாதம் ஒரே கம்பெனியைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனி. பெயர் வேண்டாம். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு லேப்டாப் வேண்டும் என்ற நிலை வந்ததல்லவா, அப்போது இவர்கள் தலைகால் புரியாமல் உதிரி பாகங்களை வாங்கிக் குவித்தார்கள். காலம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. பள்ளிக்கூடங்கள் திறந்தன. வாங்க ஆளில்லை. செய்துவைத்த மெஷின்கள் கோடவுன் கோடவுனாகத் தேங்கின. பங்கின் விலையும் சரிந்து தரையில் கிடந்தது.

"ஸ்டாக்குன்னா அது சொத்தாக்கும், ஆடிட்டரம்மா" என்பார் பேங்க் சார். "கோடவுன்ல இருக்கற சாமானோட வெலையையும், அவா நெலத்தோட வெலையையும் கூட்டிப் பாருங்கோ. மொத்தக் கம்பெனிக்கும் மார்க்கெட் போட்டிருக்கற வெலை அதைவிடக் கொறச்சல். ரூபாயை எட்டணாவுக்குக் குடுக்கறான். வேண்டாம்னு சொல்றேளே!"

"அது கம்பெனி எழுதி வச்ச வெலை சார். அந்த வெலைக்கு வாங்க ஆளு வரணும் அல்லே?"

"வருவா. மெதுவா வருவா. சாமான் எங்க ஓடிப்போறது?"

"ஓடிப்போகாது. பழசாப் போகும். அதுதான் பிரச்சினை."

இப்படியே போகும். கையிருப்புச் சரக்கை வாங்கிய விலைக்கோ, விற்றால் கிடைக்கக்கூடிய விலைக்கோ, எது குறைவோ அதற்குத்தான் கணக்கில் எழுதவேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் விற்றால் என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வதும் அந்தக் கம்பெனிக்காரர்கள்தானே. நான் அதைச் சொன்னால், பேங்க் சார் சந்தேகத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் ஒரு கடையும் நடத்த முடியாது என்பார். முறுக்குத் தட்டு காலியாகும்வரை கத்துவோம். கீழேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தால்தான் எழுந்திருப்போம்.

இவ்வளவு குறை சொன்ன நானும் அந்தப் பங்கை வைத்திருந்தேன். விலை உச்சியில் இருந்தபோது வாங்கியது. நஷ்டத்துக்கு விற்க மனசு வரவில்லை. என் கோபத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது, அறிவிலிருந்து அல்ல. அப்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தக் கோபத்தில்தான் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டத்தில் பேச என் பெயரைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் கூட்டம் வீடியோவில்தான் நடக்கிறது. முன்கூட்டிப் பதிந்துவைத்தால் யார் வேண்டுமானாலும் சேர்மனைக் கேள்வி கேட்கலாம், கையில் ஒரு பங்கு இருந்தாலும் போதும். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சேர்மனைப் புகழ்ந்தார்கள். ஒருவர் ஆண்டறிக்கையின் அட்டைப்படம் அழகாக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் நேரில் கூட்டம் நடந்த காலத்தில் கொடுத்த டிபன் பொட்டலத்தை நினைத்து உருகினார். நான் கழுத்துவரை நல்ல துப்பட்டாவும் மேஜைக்குக் கீழே நைட்டியுமாக உட்கார்ந்து என் முறைக்காகக் காத்திருந்தேன்.

என் முறை வந்ததும் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. கோடவுனில் எதற்கு இவ்வளவு மெஷின்கள், எப்போது அவற்றை வெளியே அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் பழைய அரிசி இல்லை, வைக்க வைக்க விலை கூடுவதற்கு என்றேன். இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னேன் என்றாலும் அரிசி அரிசிதானே, சேர்மன் சிரித்துவிட்டார். அடுத்த சில மாதங்களில் சரக்கைக் கணிசமாகக் குறைப்போம் என்று வாக்குக் கொடுத்தார். யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட, எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் அதை ஊரெல்லாம் அனுப்பியது. என் வீட்டுக்காரர்கூடக் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து நான் எனக்கே பெரிய ஆளாகத் தெரிந்தேன்.

அன்றைக்கே என் தம்பி போன் பண்ணினான். எனக்கு அவன் ஒருவன்தான் கூடப்பிறந்தவன். சாலைக்கடைத் தெருவை ஒட்டிக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். மற்றக் கம்பெனிகளோடு இந்தக் கம்பெனிக்கும் டீலர். அவன் பேச்சில் இந்த ஊர் மலையாளம் கலந்திருக்கும்.

"அக்கா, ஒனக்க வீடியோ பாத்தேன். பொளந்துட்ட போ! கம்பெனி சேல்ஸ் மேனேஜர் கடைக்கு வந்தாரு, அவருக்கும் காமிச்சேன். இது எனக்க அக்காவாக்கும்னு பறஞ்சேன். ஆளு வாயைப் பொளந்துட்டாரு."

"உனக்கு வேற வேல இல்லியா டே?" என்றேன். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தேன்.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேர் கணக்கை நான் பார்க்கிறேன், என் தம்பி கடைக் கணக்கை மட்டும் நான் பார்ப்பதில்லை. கடை ஆரம்பித்தபோதே அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டான். அக்காவுக்குக் கூலி கொடுப்பது எப்படி, கொடுக்காமல் இருப்பது எப்படி என்ற கூச்சம் அவனுக்கு. அது எனக்குப் புரியும். புரிந்தும் அந்த வருத்தம் போகவில்லை. அதனால் கடை எப்படி நடக்கிறது என்று நான் கேட்பதில்லை. அவனாகவும் சொல்வதில்லை. பார்த்தால் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், சாப்பிடுவோம், வருவோம்.

அடுத்தடுத்து வந்த காலாண்டுக் கணக்குகளில் கம்பெனியின் கையிருப்பு மளமளவென்று குறைந்தது. விற்பனை ஏறியது. தையில் வந்த கணக்கில் சரக்குப் பாதியாகிவிட்டிருந்தது. நான் அதைப் பேங்க் சார் வீட்டு டிவியில் பெரிதாகப் போட்டு, அந்த எண்ணை விரலால் தட்டித் தட்டிக் காட்டினேன்.

"கேட்டேன், செஞ்சாங்க" என்றேன். வெட்கமே இல்லாமல்.

"ஆடிட்டரம்மா கட்சி மாறியாச்சா?" என்றார் பேங்க் சார். "நேத்திக்கு வரை வாங்காதேன்னு சொன்னேள்!"

"சரக்கு தேங்கினப்போ வாங்காதேன்னேன். இப்போ தேக்கம் இல்லியே."

அவர் முதலிலிருந்தே வாங்கச் சொன்னவர், ஆனால் சொன்னாரே தவிர வாங்கவில்லை. என் பேச்சைக் கேட்டபிறகுதான் வாங்கினார். மற்றவர்களும் வாங்கினார்கள். நானும் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். விலையும் எங்கள் பேச்சைக் கேட்டதுபோல ஏற ஆரம்பித்தது. அந்த நாட்களில் என் நடையே மாறிப்போனது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மாசியில் ஆற்றுக்கால் கோவில் பொங்காலை வந்தது, பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிற திருவிழா. என் தம்பி வீடு மணக்காட்டில், கோவிலுக்குப் போகிற வழியில். வருஷா வருஷம் முதல்நாளே நான் அங்கே போய்விடுவேன். வாசலில் செங்கல் வைத்து இடம் பிடித்து, அவன் மனைவியோடு சேர்ந்து பானை, அரிசி, வெல்லம் எல்லாம் எடுத்துவைத்து, பக்கத்து அறைக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் தெருவில் அடுப்பு மூட்டுவோம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான். அந்த அறையை அவர்கள் வீட்டில் மைனி ரூம் என்றே சொல்வார்கள், தம்பி மனைவி என்னை மைனி என்று கூப்பிடுவதால்.

அந்த வருஷம் பையை வைக்கலாம் என்று மைனி ரூமின் கதவைத் திறந்தேன். கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து மேலே வரை அட்டைப் பெட்டிகள். கட்டில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பெட்டிகள் உயர்ந்து ஃபேன் சுற்ற இடமில்லாமல் போனதால் யாரும் தெரியாமல் போட்டுவிடக்கூடாதென்று ஸ்விட்சில் டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லாப் பெட்டியிலும் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கம்பெனியின் முத்திரை.

தம்பி மனைவி பின்னால் வந்து நின்றாள். "இந்த வட்டம் ஹால்ல படுத்துக்கிடலாம் மைனி. இங்க கட்டிலே மூடிப் போச்சு."

"கடையில வைக்கலியா?"

"கடையில ஆளு நிக்க எடமில்ல. கோடவுனும் ஃபுல்லு. பாக்கி இங்க."

"எதுக்கு இவ்வளவு எடுத்தான்?"

"எனக்கு என்ன தெரியும்? அந்த மேனேஜரு வந்து, உங்க அக்கா மீட்டிங்ல கேட்டபடிக்கு நாங்க கோடவுனைக் காலி பண்றோம், நீங்க கை குடுக்காண்டாமான்னு கேட்டாராம். இவருக்குப் பெருமை தாங்கல. பேங்க்ல வீட்டுப் பத்திரத்தை வச்சு கடன் லிமிட்டைக் கூட்டி, நீட்டின பேப்பர்லயெல்லாம் ஒப்பு போட்டுக் குடுத்துட்டாரு."

குத்திக்காட்டத்தான் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. பொங்காலைப் பானையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த அறை வாசலில் நின்றபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணக்கு பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பில் போட்டாகிவிட்டதா, பொருள் கோடவுனைவிட்டுக் கிளம்பிவிட்டதா, அது விற்பனை. எழுதி முடித்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். அந்தப் பொருளை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்களா என்று நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை. கம்பெனி தன் சரக்கை விற்கவில்லை, டீலர்கள் தலையில் கட்டிவிட்டது. அதன் கணக்கில் இந்தப் பெட்டிகள் விற்றாகிவிட்டன, லாபமும் எழுதியாகிவிட்டது. நான் டிவித் திரையில் தட்டிக் காட்டிய அந்த எண்ணில் குறைந்துபோன சரக்கில் ஒரு பகுதி என் தம்பி வீட்டுக் கட்டில்மேல் இருந்தது.

அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். டீலர்கள் யாரும் புதிதாக எடுக்க மாட்டார்கள், எடுக்க அவர்களிடம் இடமில்லை. கம்பெனியின் விற்பனை விழும். பிறகு புது மாடல் வரும். பழைய மாடலின் விலையைக் கம்பெனி ஒரே நாளில் வெட்டும். அன்றைக்கு இந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் வாங்கின விலைக்குக் கீழே போய்விடும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். என் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும்.

சாயங்காலம் தம்பி வந்தான். "பாத்தியா அக்கா, ஒனக்க கம்பெனி வீட்டுக்கே வந்தாச்சு!" என்று சிரித்தான்.

"விக்கலேன்னா திருப்பி எடுப்பானா?" என்று கேட்டேன்.

"எடுப்பேன்னு பறஞ்சாரு."

"எழுத்துல இருக்கா?"

"அதெல்லாம் எதுக்கு? நம்ம கம்பெனி இல்லியா."

நம்ம கம்பெனி என்றான். அக்காவிடம் பங்கு இருக்கிறது, அக்கா சேர்மனிடமே பேசியிருக்கிறாள், ஆகவே அது குடும்பத்துக் கம்பெனி. அவன் கணக்கு அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு, இன்னும் சரக்கு அனுப்பினால் வாங்காதே, திருப்பி எடுப்பதை எழுத்தில் வாங்கு என்று மூன்று வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் என் வெற்றி வெறும் ஏமாற்று என்று என் வாயாலேயே சொன்னதாகும். அவன் கண்ணில் இருந்த அந்தப் பெருமையை அணைக்க எனக்கு மனமில்லை. அதோடு இன்னொரு அற்பமும் இருந்தது. கூலி வாங்கிக் கணக்கு பார்க்கிறானே ஒருத்தன், அவன் சொல்லட்டுமே என்று ஒரு குரல். அதுவும் என் குரல்தான்.

மறுநாள் தெரு முழுக்க அடுப்புகள் எரிந்தன. புகையில் எல்லோருக்கும் கண் கலங்கியிருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பானையைக் கிண்டினேன். தம்பி அடுப்புக்கு ஓலை எடுத்துக் கொடுத்தான், குடிக்க மோர் கொண்டுவந்தான், நிழலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். பால் பொங்கி வழிந்தபோது நான் குரவையிடவில்லை. தம்பி மனைவிதான் இட்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை, சந்தை திறந்ததும், நான் என் பங்குகளை எல்லாம் விற்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் போனில் விற்றேன். ஏறியிருந்த விலை, பழைய நஷ்டம் போகக் கொஞ்சம் லாபமும் வந்தது. சட்டப்படி இதில் தப்பு உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். நான் கம்பெனிக்காரி இல்லை, யாருடைய ரகசியத்தையும் திருடவில்லை, உறவினர் வீட்டில் கண்ணால் பார்த்ததுதான். தப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பிறகு மிச்சத் தேங்காயைத் துருவினேன்.

ஆனால் பேங்க் சாரையும் மற்றவர்களையும் நினைத்தால் நெஞ்சு உறுத்தியது. என் பேச்சைக் கேட்டு வாங்கினவர்கள். அந்தச் சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சரக்கு விற்கவில்லை, டீலர்களிடம் தேங்கிக் கிடக்கிறது, விற்பனை விழப்போகிறது, விலை வெட்டு வரப்போகிறது, டீலர்களின் முதல் போகப்போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிட்டுப் பிட்டு வைத்தேன். அன்றைக்குப் போல நான் தெளிவாகப் பேசியதே இல்லை என்று ஒருவர் சொன்னார்.

"எங்க பாத்தேள்?" என்று கேட்டார் பேங்க் சார்.

"தெரிஞ்ச ஒரு டீலர் வீட்டுல" என்றேன்.

"நீங்க வித்தாச்சா?"

"வித்தாச்சு சார்."

அவர் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீங்க சொல்லி வாங்கினேன். நீங்க சொல்லி விக்கவும் செஞ்சா எனக்குன்னு மூளை எதுக்கு? நான் வச்சுக்கறேன்" என்றார். மற்றவர்கள் திங்கட்கிழமை விற்றுவிட்டார்கள். எனக்கு நன்றி சொல்லி ஒருவர் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் தெரிந்த டீலரிடம் இதைச் சொல்லியாகிவிட்டதா என்று அந்த மாடியில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. இன்றைக்கு அல்லது நாளைக்கு மணக்காடு போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். வருஷக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம், வேலை தலைக்குமேல் கிடந்தது. உண்மையில் நான் அவன் முகத்துக்குப் பயந்தேன். நாள் போகப்போக, ஏன் முன்னமே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பயந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி புது மாடலை இறக்கியது. பழைய மாடலை ஆன்லைனில், டீலர்கள் வாங்கிய விலைக்கும் கீழே, தள்ளுபடியென்று போட்டு விற்றது. திருப்பி எடுப்பதாகச் சொன்ன மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டாராம். பங்கு விலை முன்பு கிடந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. தம்பி நஷ்டத்துக்கு விற்றுப் பார்த்தான், அந்த விலைக்கும் பாதிக்கு மேல் போகவில்லை. கடையில் பாதியைத் தட்டியால் மறைத்து மொபைல் கவர் விற்கிறவருக்கு விட்டுவிட்டான். வீட்டுப் பத்திரம் பேங்கிலேயே இருந்தது. இதெல்லாம் அவன் மனைவி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் ஒருத்தி கேள்வி கேட்டதாலா ஒரு கம்பெனி சரக்கை டீலர் தலையில் கட்டும்? கேட்காவிட்டாலும் கட்டத்தான் செய்திருப்பார்கள். இதைப் பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டேன். நியாயமான வாதம்தான். சனிக்கிழமை மாடியில் சொன்னால் ஜெயித்துவிடலாம்.

திருவோணத்துக்கு முதல்நாள் தம்பி வந்தான். ஓணத்துக்கு அக்காவுக்குக் கோடிப் புடவை கொண்டுவருவது அவன் வழக்கம். எனக்குக் கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. இந்தமுறை கையில் துணிக்கடைப் பை இல்லை, அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. எந்த அறையிலிருந்து வந்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"இந்த வருஷம் ஓணக்கோடி இதுதான் அக்கா" என்று மேஜைமேல் வைத்தான். இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது.

"எனக்கு எதுக்கு டே? விக்கிற சாமான் இல்லியா?"

"இருக்கட்டு. ஒனக்க பழைய மெஷின் கெடந்து இழுக்குதுன்னு பறஞ்சியே." பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "ஒனக்கு வந்த நஷ்டத்துக்கு இது ஈடாகாதுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன நஷ்டம்?"

"ஷேரு. நான் டெய்லி பாப்பேன் அக்கா. எறங்க எறங்க எனக்கு ஒறக்கம் வராது. நீ அவ்வளவு பெரிய சபையில கேட்டு நடத்தின காரியம். என்ன மாதிரி ஆளுங்க சரக்கை மர்யாதைக்கு வித்திருந்தா அது எறங்கியிருக்குமா? ஒனக்க முகத்தப் பாக்கவே மடியா, கூச்சமா இருந்துது. அதுதான் இவ்வளவு நாளும் வரல."

நான் அவன் முகத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்த அதே மாதங்களில் அவன் என் முகத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். இதற்குமேல் பேசாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது.

"டே, நான் வித்துட்டேன்."

"எத?"

"ஷேரை. எல்லாத்தையும்."

"எப்போ?"

"பொங்காலை கழிஞ்ச திங்கக்கெழமை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்போ நல்ல வெல இருந்துதே!" முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாக மலர்ந்தது. நடிப்பெல்லாம் அவனுக்கு வராது. "நல்லதாப் போச்சு அக்கா. எனக்கு எவ்வளவு பெரிய பாரம் எறங்கிச்சு தெரியுமா! வீட்டுல ஒரு ஆளாவது தப்பிச்சுதே."

அந்தச் சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். பாதி குடித்தபிறகு அவன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு எதையோ யோசித்தான்.

"பொங்காலைக்கு வந்தப்போதான் நீ ரூம்ல சரக்கைப் பாத்த, இல்லியா?"

"ம்."

"அப்போ வெல எறங்கும்னு அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"ஏகதேசம் தெரியும்."

"சரக்குக்க வெலையும்?"

நான் தலையை ஆட்டினேன்.

அவன் குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்தான். "எனக்கிட்ட ஒரு வாக்கு பறஞ்சிருந்தா அந்த மாசமே கெடச்ச வெலைக்குத் தள்ளியிருப்பேனே அக்கா. போட்ட முதலாவது மிஞ்சியிருக்கும்."

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நீ கேக்கலியே டே."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன், நான் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"ஆமா" என்றான். "நான் கேக்கல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, முதல் வட்டம் ஃபுல்லா சார்ஜ் ஏத்தினதுக்கு அப்புறம் ஆன் பண்ணினால் போதும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுபோல என்னிடமும் சொல்லிவிட்டுப் போனான்.